பூப்போட்ட சேலைக்கு வயதுண்டா?

சித்திரை பிறக்கச் சில வாரம் இருக்கும்போதே எங்கள் ஊர் மாங்கேணியில் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். மருத்துநீர் வைக்கும் நேரம், கைவிசேட நேரம், அதோடு வருடப்பிறப்புக்கு உடுக்க வேண்டிய நிறம். சிவப்பா, மஞ்சளா, வெள்ளையில் நீலக்கரையா என்பதை வாக்கியமும் திருக்கணிதமும் தனித்தனியே சொல்லும். வாழைச்சேனைப் புடவைக் கடைகளில் சனம் முதலில் கேட்பதும் அந்த நிறத்தைத்தான். பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொட்டு ‘ஆண்டின் நிறம்’ அறிவிக்கிறதாம். எங்கள் அம்மம்மாமாருக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை.

உடுப்பு உலகத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் அடுத்த வசந்தத்துக்கான உடுப்புகளைச் செப்டெம்பரிலேயே காட்டிவிடுவார்கள். வசந்தம் என்றால் பூ. ஒரு வருடம் அகலப் பூ, மறுவருடம் பொடிப்பூ. கடைக்குப் போகப் பல மாதம் முன்பே அவற்றைத் தைத்தாக வேண்டும். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து இலங்கைப் பெண்களின் விரல்கள் அந்தப் பருவக் கணக்குக்கு ஓடுகின்றன. 2009இல் போர் முடிந்தபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கார்மென்ட்சுக்குப் போனார்கள். இங்கே மாரி கொட்டிக் களப்பு நிரம்பிக் கிடக்கும் நாட்களில், அவர்கள் யாரோ ஒருத்தியின் ஏப்ரல் மாதத்துக்குப் பூச்சட்டை தைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டையும் விட இறுக்கமான மூன்றாவது பஞ்சாங்கம் ஒன்று ஊரில் இருக்கிறது. அச்சிட்டு விற்பதில்லை, ஆனாலும் எல்லாப் பெண்ணுக்கும் மனப்பாடம். சின்னப் பிள்ளைக்குப் பூப்போட்ட சட்டை. குமருக்கு இன்னும் பளிச்சென்று. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அடக்கமான கரை. புருஷன் செத்தால் பூ முடிந்தது, தலையிலும் துணியிலும்.

கடலுக்குப் போன பெரியப்பா திரும்பாதபோது பெரியம்மாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து வெள்ளை, சாம்பல், வெளிறிய மண்நிறம். அவள் பெட்டியிலிருந்த சீத்தைத் துணியெல்லாம் மருமக்களுக்குச் சட்டையானது.

2004 மார்கழியில் கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு நிவாரண மூட்டைகள் வந்தன. பாதிக்கு மேல் குளிர்நாட்டுக்காரரின் கோடை உடுப்பு. பெரியம்மாவின் கையில் அகப்பட்டது சிவப்புப் பூவும் பச்சை இலையும் நிறைந்த நீளச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தாள், சமைத்தாள், செத்தவர்களுக்காக அழுதாள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மாற்றுத்துணி இல்லாத இடத்தில் தாலியறுத்தவளுக்கு நிறம் பிரிக்க யாருக்கு மனம் வரும்? பிறகு வீடு கட்டி, வேலி அடைத்து, கடப்படி வைத்ததும் வெள்ளைச் சேலை திரும்பி வந்துவிட்டது. இதை நான் வெகுகாலமாக யோசித்துப் பார்க்கிறேன். எல்லாம் இழந்த நாளில் தளர்ந்த கட்டு, கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் இறுகுகிறதென்றால் அதை இறுக்குவது விதியல்ல, நாங்கள்தான்.

பெண்ணின் உடம்பில் பூவைக் கண்டு கொதித்த ஊர் எங்களுடையது மட்டுமல்ல. சோழமண்டலக் கரையில் எழுதிய பூத்துணி பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கிப்போட்டது. படிகாரம் பிடித்த இடத்தில் சாயவேரின் சிவப்பு ஊறி நிற்கும், துவைத்தாலும் போகாது. அந்த வேர் கடலோர மணலில் வளர்வது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டிக் கொடுப்பது ஏழைகளின் தலையில் விழுந்த கட்டாய ஊழியம். தன் நெசவாளரின் பிழைப்பைக் காக்க பிரான்ஸ் 1686இல் இந்தத் துணியைத் தடை செய்தது. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் பூத்துணி உடுத்த பெண்களைத் தெருவில் மறித்து உடுப்பைக் கிழித்தார்கள். 1721இல் உடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் வந்தது, 1774 வரை அது நீங்கவில்லை. நெசவாளரின் பசி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் கொண்டுவந்த வியாபாரி இருக்க, அடி விழுந்தது உடுத்தவளின் முதுகில். அங்கே கிழித்தார்கள். இங்கே பார்வையே போதும்.

புடவைக் கடைப் பிள்ளைகளுக்கும் அந்தப் பார்வை பழகிவிட்டது. நரைத்த தலையைக் கண்டால், கேட்காமலே மங்கல் நிறத் தட்டிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். போன சித்திரைக்கு நான் பூப்போட்ட வொயில் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

“எனக்கெதுக்கு மகள் இந்தப் பூவெல்லாம்?” என்றாள் பெரியம்மா. மடியில் விரித்துக் கரையைத் தடவினாள். கொஞ்சம் பொறுத்து, “சாயம் போகுமா?” என்று கேட்டாள். உடுக்க நினைக்காதவள் அதைக் கேட்கமாட்டாள். இப்போது வீட்டுக்குள் உடுக்கிறாள். கடப்படியைத் தாண்டி இன்னும் இல்லை.

வைகாசியில் இந்தக் கரையெங்கும் கண்ணகி அம்மன் சடங்கு. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்திக்குத்தான் மட்டக்களப்பு நாடு ஊர் ஊராகக் கோயில் எடுத்திருக்கிறது. கல்யாணக்கால் நட்டு, கமுகம்பாளை வைத்து, பூக் குவித்து, குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுகிறோம். அமங்கலி என்று அவளை ஒருவரும் ஒதுக்குவதில்லை. அவளுக்கு நேரே வந்து கும்பிட வேண்டிய பெரியம்மாவோ வெள்ளைச் சேலையோடு, சனத்துக்குப் பின்னால் பந்தற்காலோடு ஒதுங்கி நிற்கிறாள். பூவும் துக்கமும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம் என்று அம்மனுக்கு ஒப்புக்கொண்ட ஊர் பெரியம்மாவுக்கும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வருகிற குளிர்த்திக்கு அந்தச் சேலையோடு வரச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. வந்தால் நானும் மச்சாள்மாரும் அவளை நடுவில் விட்டு முன்னால் போய் நிற்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். யாராவது கேட்டால் பதில் சொல்லப்போவது நாங்கள். இத்தனை வருடமாக ஊருக்குப் பதில் சொன்னது அவள் ஒருத்திதான்.