மையித்தின் மௌனம்

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்பது நபிமொழியின் கருத்து. அவ்வாறாயின் அறுவை மருத்துவர் எங்ஙனம் பயில்வது?

ஃபார்மலின் ஏற்றிய உடல் விறைத்துவிடும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து வால்டர் தீல் 1992-இல் வெளியிட்ட முறையிலோ தசை மென்மை குன்றாது, மூட்டுகள் மடங்கும். அரிய சிகிச்சைகளை அவ்வுடலில் பழகிய கை, நோயாளியிடம் தடுமாறுவது குறையும்.

1987-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹுப் பேரவை மருத்துவக் கல்விக்காக உடலை அறுப்பதை அனுமதித்தது. இன்னாரென அறியப்பட்டவராயின் அவர் வாழ்நாளில் தந்த இசைவோ வாரிசுகளின் இசைவோ வேண்டும். தேவைக்கு மிஞ்சி அறுக்கலாகாது. உறுப்புகள் யாவும் நல்லடக்கம் செய்யப்படவேண்டும் என்பன அதன் நிபந்தனைகள்.

நம் நாட்டிலோ, கேட்பாரற்று இறந்த ஏழையின் உடலும் சட்டப்படியே கல்லூரிக்குப் போகிறது. நிக்காஹில் கன்னியின் மௌனம் சம்மதமாகும். மையித்தின் மௌனத்தை அவ்வாறு கொள்ள எவருக்கு உரிமையுண்டு? கபனிட ஒரு ஜமாஅத் முன்வருமாயின், அவ்வுடலை அவர்களிடம் ஒப்படைப்பதே முறை.