காலில் போடும் செருப்புக்கும் கேள்வி உண்டா?



மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. உண்பதுதான் ஹராம், பதனிட்டால் தோல் சுத்தமாகிவிடும். செருப்பு விஷயத்தில் நம் நிம்மதியும் இதுதான். தோல் சுத்தம், கொடுத்த காசு ஹலால், வியாபாரம் கூடும். வேறென்ன கேள்வி?

ஃபத்வா கேட்டால் நானும் கூடும் என்றுதான் சொல்வேன். ஆனால் தோலைச் சுத்தமாக்கிய தண்ணீர் எங்கே போனது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். நாளாகும். குரோமியம் வந்தபின் வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவு பாலாற்றில் இறங்கியது, கிணறுகள் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் மவுத்தானார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சொல்லக் கஷ்டமான பேச்சுதான். அந்தத் தொழிலில் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்கள் கொடையில் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழும்பியிருக்கின்றன. சுத்திகரிப்புக்குப் பெரும் பணம் செலவழித்தவர்களும் உண்டு. ஆனாலும், நிறமும் சுவையும் வாடையும் மாறிய தண்ணீரில் உளூ கூடுமா என்று பக்கம் பக்கமாக ஓதுகிறோம். அதை மாற்றியவர் மீது என்ன கடமை என்பதை எந்த மஜ்லிஸில் பேசினோம்?

வாங்குகிறவருக்கு இதில் என்ன பங்கு? ஒருவரின் பாவத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் சொல்லும் நீதி. தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி இல்லை. ஆனால் விசாரிக்க வழியிருந்தும், விசாரித்தால் விலை கூடிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறோமே, அதற்குத் தெரியாமை என்று பெயரில்லை. ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது.

ரப்பர், பிளாஸ்டிக் செருப்புக்கு மாறினால் தப்பித்தோமா? அது மண்ணில் மக்காது. நம் பள்ளிவாசல் மூலையில் உரிமை கோர ஆளின்றிக் கிடக்கும் குவியலைப் பார்த்தாலே தெரியும். (யார் விட்டுப் போனது, யார் மாற்றிப் போட்டுப் போனது என்பது தனி பயானுக்கான விஷயம்.)

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே, அடுத்த முறை கடையில் எங்கே செய்தது, எப்படிப் பதனிட்டது, அறுந்தால் தைக்க முடியுமா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அதுவரை, வீட்டில் வார் அறுந்து கிடக்கும் ஜோடியைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.