சுடுவதற்கு ஒரு முகம்

1992-ம் வருடத்தில் இரண்டு தேதிகள். ஜூன் 20. ஆகஸ்ட் 15. நடுவில் எட்டே வாரம்.

முதல் தேதியில், தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நூற்றுக்கணக்கில் நுழைந்தார்கள். 'சந்தனக்கட்டை பதுக்கி வெச்சிருக்கீங்க' என்பது குற்றச்சாட்டு. வீடுகளை நொறுக்கினார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள்.

இரண்டாவது தேதியில் 'ரோஜா' ரிலீஸ் ஆனது. காஷ்மீர் தீவிரவாதத்தை நம்ம ஊர் தியேட்டருக்குக் கொண்டுவந்த படம். அதில் நாயகி அருவியும் வயலுமாகத் துள்ளித் திரியும் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாட்டுக்குத் தண்ணீர் கொடுத்த இடங்களில் ஒன்று ஒகேனக்கல். அதே தர்மபுரி மாவட்டம்!

மணிரத்னத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. படப்பிடிப்புக்கு வருகிறவர் அருவியைத்தான் எடுப்பார். என் கேள்வி டிக்கெட் வாங்குகிற நம்மைப் பற்றியது. ஓர் ஏழையின் கஷ்டம் நம் கண்ணில் படவேண்டும் என்றால், கதையில் எங்காவது ஒரு துப்பாக்கி இருந்தே ஆகவேண்டுமா?

மேப்பை எடுத்து, கடத்தூரை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். ஒரு பக்கம் வாச்சாத்தி. இன்னொரு பக்கம், நக்ஸலைட்டுகள் அப்பு, பாலன் நினைவாகச் சிலைகள் நிற்கும் நாயக்கன்கொட்டாய். பாப்பாரப்பட்டி பக்கம் போனால் பாடி கிராமம். 2004 அக்டோபர் 18 ராத்திரி வீரப்பன் கதை முடிந்த இடம். எல்லாமே காலையில் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம். இத்தனைக்கும் நடுவில் கடத்தூர், தன் பாட்டுக்கு வெற்றிலையைக் கட்டிச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மழை ஏமாற்றினால் பிள்ளைகள் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். இதைப் படம் எடுக்க யாருக்கும் அவசரமில்லை. சுடுவதற்கு இதில் யார் இருக்கிறார்கள்?

நம் சினிமாவின் சங்கடமே இங்கேதான். 1981-ல் 'சிவப்பு மல்லி', 1983-ல் கீழ்வெண்மணியை நினைவூட்டிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', 1991-ல் வீரப்பனை ஞாபகப்படுத்திய வில்லனோடு வந்த 'கேப்டன் பிரபாகரன்' என்று படங்கள் வந்திருக்கின்றன. நோக்கம் வேறு, தரமும் வேறு. ஆனால், இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. வறுமை ஒரு மனிதனின் வடிவத்தில் வரும். பண்ணையார், கந்துவட்டிக்காரர், கெட்ட போலீஸ் அதிகாரி, இல்லை கொள்ளைக்காரன். கிளைமாக்ஸில் அந்த ஆள் விழுந்தால் படம் முடிந்தது. நாமும் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கப் போய்விடுகிறோம்.

நிஜத்தில் கணக்கு அப்படி இல்லை. பி.காம். படித்தவன் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் 'அஞ்சு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். வருடத்துக்கு 60. இருபதே மாதத்தில் வட்டி அசலைத் தொட்டுவிடும். அசல் அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், பல சமயம் முறுக்கு மீசை வைத்த வில்லன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட மாமா, கடை வைத்திருக்கும் அக்கா. யாரைச் சுடுவது?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள மாவட்டம் தர்மபுரி. அதைக் குடித்துப் பல்லில் காவி படிந்தவர்களும், எலும்பு வளைந்தவர்களும் ஏராளம். அருவி இதே மாவட்டத்தில்தான் கொட்டியது. கூட்டுக் குடிநீர்த் திட்டமாக அந்தத் தண்ணீர் ஊர்களுக்கு வர 2013 ஆனது. 'ரோஜா' வந்து 21 வருடம்! ஃப்ளோரைடுக்கு மீசை கிடையாது, வசனம் கிடையாது. அதனால் அது வில்லனாக முடியாது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை பாலசந்தர் 'தண்ணீர் தண்ணீர்' என்று 1981-ல் படமாக்கியபோது, ஒரு குடம் தண்ணீரையே கதையாக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பாதையில் பின்னால் போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

'அப்படியானால் துப்பாக்கி தூக்கியவர்கள் எல்லாம் சும்மாவா தூக்கினார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1970-களின் கடைசியில் இந்த மாவட்டத்தில் நக்ஸலைட் இளைஞர்கள் கையில் எடுத்த பிரச்னைகள் என்ன தெரியுமா? கந்துவட்டியும், டீக்கடையில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த இரட்டைக் குவளை முறையும். இரண்டுமே கற்பனை இல்லை. சட்டப் புத்தகத்தில் தீண்டாமை ஒழிந்து அதற்குள் முப்பது வருடம் ஆகிவிட்டது. டீக்கடைக்கு அந்தச் சேதி வந்துசேரவில்லை. 1980 ஆகஸ்ட்டில் திருப்பத்தூரில் வெடித்த குண்டில் ஓர் இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் செத்தார்கள். பிறகு தேவாரம் தலைமையில் போலீஸ் வேட்டை. பாலன் உட்படப் பல இளைஞர்கள் உயிரோடு திரும்பவில்லை. இரண்டு பக்கமும் பிணம். இரண்டு பக்கமும் பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்.

சினிமா என்றால் இங்கே 'வணக்கம்' போட்டிருப்பார்கள். ஊருக்கு அந்த வசதி கிடையாது. 2012 நவம்பர் 7 அன்று அதே நாயக்கன்கொட்டாய் பக்கத்தில், சாதி மறுப்புக் கல்யாணம் ஒன்றைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளைச் சூறையாடி எரித்தார்கள். 32 வருடத்துக்கு முன்னால் துப்பாக்கி எதை ஒழிக்கக் கிளம்பியதோ, அது ஒரு மனிதனிடம் இருக்கவில்லை. ஊரின் பழக்கத்தில் இருந்தது. பழக்கத்தைச் சுட முடியாது. வேட்டையாடிய போலீஸும் அதைப் பிடிக்கவில்லை.

வெற்றிமாறனின் 'விடுதலை' (2023, 2024) இதுவரை வந்தவற்றில் நேர்மையான முயற்சி என்பேன். கற்பனை ஊருக்கு அருமபுரி என்று பெயர். நாயகன் ஒரு சாதாரண போலீஸ் டிரைவர். வன்முறை எப்படி ஓர் அலுவலக வேலை மாதிரி நடக்கிறது என்பதை அந்தப் படம் துணிந்து காட்டியது. ஆனாலும் முதல் பாகத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷனில் பெண்கள் சித்ரவதைப்படுகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற அந்த டிரைவர் கையில் துப்பாக்கியோடு வாத்தியாரைத் துரத்துகிறான். நாம் சீட் நுனிக்கு வந்ததற்குக் காரணம் அந்தப் பெண்களா, அந்தத் துரத்தலா? எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

வாச்சாத்திப் பெண்களைக் காப்பாற்ற எந்த டிரைவரும் ஓடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. அப்போதும் நம்ப ஆளில்லை. அப்புறம் நீதிமன்றம், சி.பி.ஐ., வாய்தா, மறுபடி வாய்தா. சாட்சிக் கூண்டில் ஏறி, தங்களுக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தம் 31 வருடம்.

31 வருடம் ஆகிற நீதியைக் காட்டி, 'பார், சட்டம் ஜெயித்தது' என்று மார்தட்ட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்கிற நாடு, துப்பாக்கி பக்கம் போகிறவனுக்குப் பாதி வாதத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையில் எதிரிக்கு முகம் இருந்தது. ஒன்றல்ல, 269. துப்பாக்கி தூக்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எந்தத் திரைக்கதையிலும் கிடையாது. அந்தப் பெண்கள் விரலைத்தான் தூக்கினார்கள். 'இவர்தான்' என்று அடையாளம் காட்டினார்கள்.

அதில் துரத்தல் கிடையாது. இன்டர்வெல் கிடையாது. அப்படி ஒரு படம் வந்தால் முதல் நாள் போய் உட்கார நானும் நீங்களும் தயாரா? தயார் என்றால், எடுக்க யாராவது வருவார்கள்.