தழும்புள்ள கைகள்



உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. தோமையாருக்குக் கைகளையும் விலாவையும் காட்டினார். நாமோ துயருற்றவரைக் கண்டால், "நடந்ததை மறந்துவிடுங்கோ" என்கிறோம். அவருடைய கதையைக் கேட்க நமக்குத் துணிவில்லை. குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல.

வாவி சூழ்ந்த மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு, யுத்தத்தின் நடுவே, இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள். நடந்ததைச் சொல் என்று எவரும் நெருக்கவில்லை. அவர்களோடு நிலத்தில் அமர்ந்து விளையாடிய இளைஞரும் யுவதிகளும் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகள். அதே யுத்தத்தில் அடிபட்டவர்கள். அஞ்சி ஒடுங்கிய பிள்ளையின் மௌனம் அவர்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

தாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரை ஆற்றுகிறோம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அது இதுதான்.

உங்கள் வீட்டிலும் 1990ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்துபோகும் ஒரு பெரியம்மா இருக்கக்கூடும். இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவருக்கருகே சற்று இருங்கள். கேள்வி எதுவும் வேண்டாம்.