எல்லாம் பொருந்திய வீடு

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த சமூகம் இது. வீட்டுக்கு இப்போது அதைவிட அதிகமாகப் பார்க்கிறது. சுவரோடு தரை சேர வேண்டும், தரையோடு சோபா சேர வேண்டும், சோபாவோடு திரைச்சீலை சேர வேண்டும். டைல்ஸ் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் தெரியும்: மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் பிறகு வண்டியில் ஏறுவது பெரும்பாலும் வெளிர் சந்தன நிறம். அது இல்லையென்றால் சாம்பல். நூற்றுக்கணக்கான நிறங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிறம் என்று சொல்லத் தயங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருகிறோம்.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். “எல்லாத்துக்கும் செட் ஆகும் சார். நாளைக்கே விற்கணும்னாலும் பிரச்சினை இல்லை.” இருபது வருடத் தவணையில் கடன் வாங்கிக் கட்டும் வீட்டில், இன்னும் வந்து மணி அடிக்காத ஒருவருடைய ரசனைக்கு முதல் மரியாதை. அவர் வராமலே போகலாம். அதுவரை அவருக்குப் பிடித்த சுவருக்குள் நாம் குடியிருப்போம்.

பழைய வீடுகளில் இந்தக் கவலை குறைவு. வசதியும் குறைவு என்பதுதான் முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பார்கள், வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். சுவரின் அடியில் காவிப் பட்டை. மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும் உயரம் வரைக்கும் காவி இருந்தால் கறை தெரியாது. தரை, ரெட் ஆக்சைடு கலந்த சிமெண்ட். துடைக்கத் துடைக்க மினுக்கம் கூடும். கையில் கிடைத்ததும் தேவைப்பட்டதும் சேர்ந்து நிறத்தை முடிவு செய்தன.

வசதி இருந்தவர்கள் மட்டும் பொருத்தம் பார்த்தார்களா? செட்டிநாட்டு வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, சுவரில் ஜப்பான் டைல்ஸ், அதன் பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தயங்காமல் ஒன்றையொன்று உரசும். கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வதால் ஒரு கல்லைப் போல இன்னொன்று அச்சாக இருக்காது. இன்றைய உள்அலங்கார நிபுணர் ஒருவரிடம் அந்த வீட்டை ஒப்படைத்திருந்தால் பாதியைக் கழற்றியிருப்பார். நாம் டிக்கெட் வாங்கிப் போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வீடு திரும்பி சாம்பல் டைல்ஸுக்கு முன்பணம் கொடுக்கிறோம்.

நிறம் தனியாக எங்கும் குடியிருப்பதில்லை. பாரிஸில் கோப்லான் சித்திரத்திரை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. இதை விரித்து அவர் எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது. பெயின்ட் கடையின் ஷேட் கார்டு மட்டும் இன்னும் அதைப் படிக்கவில்லை. விரல் அகலச் சதுரம், சுற்றிலும் வெள்ளை, தலைக்கு மேல் கடைக்காரரின் தாராளமான விளக்கு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று எதிரொளித்து அழுத்தமாகிவிடும்; தரையின் நிறமும் சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறும். பகலில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் பிணங்கும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் இரண்டுமே நோயாளி போலத் தெரியும். கொஞ்சம் பெயின்ட் வாங்கிச் சுவரில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நல்ல பெயின்டர்கள் சொல்வது இதனால்தான். கிரகப்பிரவேச நாள் குறித்தபின் அதைக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இதெல்லாம் ரசனைக் குறை, சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பொருத்தம் முழுமையாக வெற்றி பெறும்போது விளிம்புகள் மறைந்துபோகின்றன. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒற்றைப் படி, மேலும் கீழும் ஒரே டைல்ஸ். குளியலறைத் தரை ஓரங்குலம் தாழ்வு, அங்கேயும் அதே நிறம். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பிருக்கை, வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச். படத்தில் அருமையாக இருக்கும். வயதான கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, கண்பாவை சுருங்குகிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஒளியில் ஒரு படி படியாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கு வேறு நிறம் வேண்டும். பொதுக் கட்டடங்களில் படி விளிம்புக்கு மாறுபட்ட நிறத்தில் பட்டை வேண்டும் என்று விதிமுறைகளே சொல்கின்றன. வீட்டுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவர்கள் மங்களத்துக்காகத்தான் வைத்தார்கள். அகல் வெளிச்சத்திலும் படி எங்கே என்று அது காட்டியது.

வழுக்கலும் அப்படித்தான். டைல்ஸின் பிடிமானத்துக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரக்குறி உண்டு. எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் அவர் தடுமாறுகிறார் என்று பார்த்துக் கொடுப்பது. ஈர வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு. முகம் தெரிகிற பளபளப்புக்காகப் பணம் கொடுப்பவர்களில் இதைக் கேட்பவர்கள் அபூர்வம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதில்லை. தரைக்கும் சுவருக்கும் நாட்கணக்கில் பொருத்தம் பார்த்த வீட்டில், தரைக்கும் பாட்டியின் பாதத்துக்கும் பொருத்தம் பார்க்க அரை மணி நேரம் கிடைக்கவில்லை.

டைல்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வீட்டிலேயே மூத்தவரை உடன் அழைத்துப் போங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைக்குச் சொரசொரப்பான மேட் ரகம் கேளுங்கள். படி விளிம்புக்கு வீட்டில் வேறு எதனோடும் சேராத ஒரு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். டிசைனர் முகம் சுளித்தால் சரியான நிறம்தான் கிடைத்திருக்கிறது.