அறிவுக்குத் தராசு உண்டா?

மனிதனுடைய அறிவு, பிறக்கும்பொழுதே இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்ட சரக்கா? அன்றி, நீர் பாய்ந்தால் தழைத்தும் வெயில் காய்ந்தால் வாடியும் போகும் பயிரா? பண்டிதர்கள் மட்டும் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் இது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில், இதற்கான தீர்ப்பை நாம் நாள்தோறும் வீட்டிலும் கடையிலும் வழங்கிக்கொண்டே இருக்கிறோம். "பெரியவனுக்குப் படிப்பு வருகிறது, காலேஜுக்குப் போகட்டும், சின்னவன் மக்கு, கல்லாவில் உட்காரட்டும்" என்கிறோம். ஊரிலிருந்து வந்த சிப்பந்தி இரண்டு முறை கணக்கில் தவறினால், "இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பத்து வயதில் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல், சிலருக்கு ஆயுள் முழுவதும் கூடவே வந்துவிடுகிறது.

நாம் வியாபாரிகள். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வது எத்துணைப் பெரிய பாவம் என்பதை அறிந்தவர்கள். அரிசிக்கும் பருப்புக்கும் படிக்கல்லைச் சரிபார்க்கும் நாம், மனிதனை நிறுக்கும் தராசை என்றாவது சரிபார்த்ததுண்டா?

அறிவை அளக்க இன்று உலகெங்கும் வழங்கும் சோதனைகளுக்கு வழிகாட்டியவர் பிரஞ்சு தேசத்து மனோதத்துவ அறிஞர் அல்பிரட் பினே. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனி உதவி செய்வதற்காகவே அவரும் தியோடர் சிமோன் என்பவரும் 1905-ம் ஆண்டில் முதல் அளவுகோலை வகுத்தார்கள். அறிவு என்பது கூட்டமுடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களை, 1909-ல் வெளியிட்ட நூலில் பினேயே கண்டித்தார். 1911-ல் அவர் காலமானார். தராசு வேறு கைகளுக்கு மாறிற்று. யாருக்கு உதவி தேவை என்று காண ஏற்பட்ட கருவி, யாரை ஒதுக்கலாம் என்று தீர்மானிக்கும் கருவியாயிற்று.

1913-ல் ஹென்றி கொடார்டு என்ற அமெரிக்கர், நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதிக்கச் செய்து, அவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்தியினர் என்று முடிவு கூறினார். கடலைக் கடந்து களைத்து வந்து, அறியாத நாட்டில், துபாஷியின் வாய்வழியாகக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் அவர்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அன்று அத்தகைய சோதனை ஒன்று நடந்திருந்தால், அவர்களுக்கும் இதே பட்டம்தான் கிடைத்திருக்கும்!

இங்கிலாந்தில் சர் சிரில் பர்ட் என்ற பேராசிரியர், அறிவு பெரும்பாலும் பிறவிச் சொத்தே என்று பல்லாண்டு வாதித்தார். தனித்தனி வீடுகளில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததாக அவர் காட்டிய கணக்கு, அதற்குப் பெருஞ்சான்றாக நின்றது. 1971-ல் அவர் இறந்தார். 1974-ல் லியோன் காமின் என்பவர் அக்கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ஆராயப்பட்ட இரட்டையரின் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தும், ஒற்றுமையைக் காட்டும் எண் மட்டும் 0.771 என்று இம்மியும் பிசகாமல் நின்றது. மூன்று வருஷத்துப் பேரேட்டிலும் காசு மாறாமல் ஒரே லாபம் காட்டும் கணக்கப்பிள்ளையை எந்த முதலாளி நம்புவார்? பர்ட் வேண்டுமென்றே பொய் எழுதினாரா, அலட்சியத்தால் நேர்ந்ததா என்பதில் அபிப்பிராயபேதம் உண்டு. ஆனால் அந்த எண்கள் ஆதாரமாகும் தகுதியை இழந்துவிட்டன.

ஆயினும் பதினொரு வயதிலேயே பிள்ளைகளைத் தரம்பிரித்த இங்கிலாந்துத் தேர்வு முறைக்கு இத்தகைய கருத்துக்களே துணை நின்றன. நம் நாட்டிலும் ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. 1964-ம் ஆண்டோடு அது நின்று, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மேலே படிக்க வழி திறந்தது. அதுவரை பன்னிரண்டு வயதில் கதவு சாத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் சிலர் பின்னாளில் கடை வைத்து, குடும்பத்தைத் தாங்கி, தம் மக்களைப் பட்டதாரிகளாக்கினார்கள் என்றால், பிழை எங்கே இருந்தது? தலையிலா, தராசிலா?

நிற்க. நம் தாய்த் தமிழகத்திலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை இங்கு எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சிலர் ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் அவர்களுள் ஒருவர். கரும்பு விவசாயிக்கு அறுவடை முடிந்தால்தான் கையில் பணம். அதற்கு முந்திய மாதங்களில் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. இரு காலங்களிலும் அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படாத படச் சோதனை ஒன்று கொடுக்கப்பட்டது. அறுவடைக்கு முன் சராசரி 4.35 விடைகள் சரியாயின, பின்னர் 5.45 சரியாயின.

அதே மனிதன், அதே மூளை, அதே பெற்றோர் வழி. மாறியது மடியிலிருந்த பணமும் மனத்திலிருந்த கவலையுமே. முன்பே சோதனையைப் பழகியதால் தேறினார்களோ என்ற ஐயம் எழாதிருக்க, அறுவடைக்குப் பின் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இதை மறுத்துப் பேசுவோரும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்து 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் இந்த வித்தியாசம் காணப்படவில்லை. சில நாள் முடையும் பல மாத முடையும் ஒன்றல்ல என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஹுண்டிக்கோ தவணைக்கோ பணம் கட்டவேண்டிய நாள் நெருங்கும்போது, எளிய கூட்டலிலும் தவறு செய்யும் வியாபாரிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் பரம்பரைக்கு ஒரு பங்கும் இல்லையா? உண்டு, அதை மறுப்பது நேர்மையாகாது. பர்ட்டை ஒதுக்கிவிட்டுப் பிறர் செய்த இரட்டையர் ஆராய்ச்சிகளும் அதைக் காட்டுகின்றன. ஆனால் 2003-ல் அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்தபோது, வசதியுள்ள வீடுகளில் பரம்பரையின் பங்கு பெரிதாகவும், வறுமைப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய இல்லையென்று சொல்லும் அளவிலும் இருக்கக் கண்டார்கள். நல்ல விதையும் நலிந்த விதையும் உப்பு நிலத்தில் ஒன்றுபோலவே கருகும். விதையின் தரம் தெரியவேண்டுமானால் முதலில் தண்ணீர் பாயவேண்டும். மேலும், 14 நாடுகளில் ஒரே தலைமுறைக்குள் சோதனை மதிப்பெண் 5 முதல் 25 வரை உயர்ந்திருப்பதை ஜேம்ஸ் பிளின் 1987-ல் எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறையில் இரத்தம் மாறாது. உணவும் பள்ளியும் வாழ்வும் மாறும்.

சுற்றுப்புறம் என்பது வீடு மட்டுமன்று. கர்ப்பிணியின் உணவில் அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. ஈயம் கலந்த தூசி குழந்தையின் அறிவைக் கெடுக்கிறது. ஊரின் காற்றும் நீரும் கெட்டால் பள்ளிக்கூடமே நின்றுபோகும் என்பதைப் பாசிர் கூடாங் வாசிகள் நேரிலேயே கண்டார்கள். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டன அன்றோ!

இனி நம் தொழிலுக்கு நெருங்கிய செய்தி ஒன்று. பிரேஸில் நாட்டு ரெசிபே நகரச் சந்தையில் பொருள் விற்கும் சிறுவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கைக்காரர்போல் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே வகைக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான் சரி. இது 1985-ல் வெளிவந்தது. கல்கத்தா, டில்லிச் சந்தைச் சிறுவர்களைப் பற்றி நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோர் சேர்ந்த குழு 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே கூறுகிறது. பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள் என்பது அதில் கண்ட மற்றொரு செய்தி. ஆகவே, மார்க்கு வாங்காத பையன் மக்கு என்பதும் பிழை. மார்க்கு வாங்கியவன் கடைக்கு உதவான் என்று ஏளனம் செய்வதும் பிழை. ஒவ்வொருவன் அறிவும் அவன் பழகிய இடத்தில் ஒளிவிடுகிறது. இரண்டு இடத்திலும் பழகவிட்டால் இரண்டிலும் ஒளிவிடும்.

இவ்வுண்மை புதிதன்று. தூனிஸ் நகரில் 1332-ல் பிறந்த இப்னு கல்தூன், 1377-ல் எழுதிய முகத்திமாவில் இதை ஆராய்ந்திருக்கிறார். மேற்றிசை ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்கு நாடுகளுக்குச் சென்றவர்கள், அங்குள்ளோர் பிறவியிலேயே தங்களினும் அறிவு மிக்கவர் என்று எண்ணினார்கள். அது தவறு என்றும், நகர வாழ்வும் கைத்தொழிலும் கல்வியும் கொடுத்த பழக்கமே அவ்வாறு தோன்றச் செய்கிறது என்றும் அவர் கூறினார். எழுத்தும் கணக்கும் பழகப் பழகப் புத்தி கூர்மையடையும் என்றார். அடித்து மிரட்டிக் கற்பித்தால் பிள்ளையின் ஊக்கம் கெட்டு, பொய்யும் சோம்பலும் குடிபுகும் என்றும் எச்சரித்தார்.

அன்புச் சகோதரர்களே! இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கடமை யாது? வாங்கிய கடனை ஊரில் வைத்துவிட்டு நம் கடைக்கு வந்து நிற்கும் சிப்பந்திக்குச் சம்பளத்தைத் தாமதித்துவிட்டு, அவன் கணக்கில் தடுமாறும்போது முட்டாள் என்று ஏசுவோமானால், நாமே படிக்கல்லைத் தேய்த்துவிட்டு எடை குறைகிறது என்று சொன்னதாகும். வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது தர்மம் மட்டுமன்று. அவன் அறிவை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பதுமாகும். தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை முதலாண்டில் பின்தங்கினால், மொழியின் தடுமாற்றத்தை மூளையின் குறையாக எண்ணவேண்டாம். உபகாரச் சம்பளம் கொடுக்க வசதியுள்ளவர்கள், முதல் மார்க்கு வாங்கியவனைத் தேடுவதோடு, எந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் ஏறி வந்தான் என்பதையும் பார்க்கட்டும். பெண் பிள்ளையைப் பற்றியும் சோதித்துப் பாராமலே தீர்ப்பு எழுதவேண்டாம்.

எல்லாரும் ஒரே அளவு அறிவுடையோராவர் என்று நாம் சொல்லவில்லை. ஒருவனுடைய அளவு இன்னதென்று தீர்மானிக்கும் முன், அவனுக்கு உணவும் அமைதியும் ஆசிரியரும் அவகாசமும் கொடுத்தோமா என்றே கேட்கிறோம். அவற்றைக் கொடாமல் நிறுப்பவன் கள்ளத் தராசு பிடிப்பவன். நம் கடைத் தராசு நேராக நிற்பதுபோல் நம் நாவும் நேராக நிற்க வல்ல இறைவன் அருள் புரிவானாக!