மறுப்பு வேறு, தண்டனை வேறு

2012 ஜூலையில், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் 9 பேர் தொழில்நுட்பப் பயிற்சி பெறுவது தெரியவந்தது. அப்போதைய தமிழக முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார். பிற கட்சிகளும் எதிர்த்தன. மத்திய அரசு அவர்களைப் பெங்களூரை அடுத்த எலகங்காவுக்கு மாற்றியது. இலங்கைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் தொடர்ந்தது. அந்த 9 பேர் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. அப்படியிருக்க, அந்தக் கோரிக்கை நியாயமானதா?

அந்த எதிர்ப்புக்குக் காரணம், இலங்கை அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2009இல் நடந்த வன்னிப் போர். அதைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் அறிக்கை தந்தது. பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரசுப் படைகள் குண்டு வீசியதாகவும், தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதாகவும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக அது கூறியது.

ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்ற நாடு, தான் அவற்றை மதித்தால் மட்டும் போதாது. பிறரும் மதிக்கச் செய்ய வேண்டும் என்கிறது அவற்றின் முதல் பிரிவு. இந்தியாவும் அவற்றை ஏற்ற நாடுதான். போர் முடிந்தபின் தரும் பயிற்சி, நடந்து முடிந்த குற்றத்துக்கு உடந்தையாகிவிடாது என்று வாதிடலாம். சட்டப்படி அந்த வாதம் வலுவானதே. அறம் அங்கே நின்றுவிடுவதில்லை. கணக்குக் கொடுக்காத படைக்குப் பயிற்சி கொடுப்பது, கேட்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை என்று சொல்வதாகும். ராணுவப் பயிற்சி நட்பின் பேரில் தரப்படும் சலுகை. அதை மறுப்பதால் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. ஆகவே அந்தக் கோரிக்கை நியாயமானதே. தளத்தை மாற்றியது அதற்குப் பதிலாகாது. தாம்பரத்தில் தவறானது எலகங்காவில் சரியாகிவிடாது.

அதே 2012 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடந்ததை இதே நியாயத்தால் காக்க முடியாது. பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்திரிகர்கள் எதிர்ப்புக்கு ஆளானார்கள். ஊர் திரும்பும் வழியில் அவர்களுடைய பேருந்துகள் தாக்கப்பட்டன. இலங்கையிலிருந்து கால்பந்து ஆட வந்த பள்ளி மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருவர் தாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு. போர்க்காலத்துக்கென எழுதிய சட்டமே தடுப்பதை, அமைதிக்காலத்தில் சாலையில் நின்று செய்ய எந்தத் துயரமும் உரிமை தராது.

வன்னிப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக நீதி கேட்பவர்கள், பிறப்பை வைத்துக் குற்றம் சுமத்தினால் அந்தக் கோரிக்கையின் வேரையே அறுத்துவிடுகிறார்கள். அரசிடமும் படையிடமும் எவ்வளவு உறுதியாகக் கணக்குக் கேட்கிறோமோ, அவ்வளவு உறுதியாகச் சாதாரண மனிதர்களைக் காக்கவும் வேண்டும். புலிகளின் செயல்களையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.